பதினொரு சதவீதம்

மூங்கில் காட்டின் ஆற்றங்கரையில், ஒரு மருத மரத்தின் வேருக்கடியில், அல்லி என்ற நீர்நாய் தன் மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. குட்டிகளுக்கு இன்னும் நீந்த வரவில்லை. நீர்நாய்க் குட்டி என்றாலும் நீச்சலைப் பழகித்தானே ஆக வேண்டும்?

ஆற்றுக்கு மேலே ஓர் அணை இருந்தது. மதகைத் திறந்தால் அரை மணி நேரத்தில் வெள்ளம் வளைக்குள் புகுந்துவிடும். அணையில் இருந்த நாரையிடம் ஒரு போன், வளைக்கு எதிரே அத்தி மரத்தில் இருந்த நெடுவாலன் குரங்கிடம் ஒரு போன். இரண்டும் சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போனவை. மதகு திறந்தால் நாரை கூப்பிடும். குரங்கு கத்தும். அல்லி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி மேட்டில் சேர்க்கும். அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை அல்லியும் குட்டிகளும் அப்படித்தான் பிழைத்தன.

போனுக்கு சார்ஜ் ஏற்ற ஒரு சோலார் தகடு உண்டு. ஆனால் மூன்று நாளாக அடைமழை. நாலாம் நாள் காலையில் பதினொரு சதவீதம்தான் மிச்சம்.

"அல்லி, இங்க வா. போனுக்குப் புது அப்டேட் வந்திருக்கு" என்றது குரங்கு.

"இப்போ எதுக்கு அண்ணே அது?"

"எதுக்கா? மேல்காட்டுக் குரங்குங்க எல்லாம் நேத்தே போட்டாச்சு. போட்டா நாரை குரல் கணீர்னு கேக்குமாம்."

அல்லி எட்டிப் பார்த்தது. சார்ஜ் குறைவு, சார்ஜரில் இணைத்த பிறகு தொடங்கவும் என்று திரையில் இருந்தது.

"போனே வேண்டாங்குதே, அண்ணே."

"அதுக்கு வேண்டியது ஒயர்தான். மாட்டிட்டா வாயை மூடிக்கும்."

குரங்கு ஒயரை மாட்டியது. மேகம் சற்றே விலகி, தகட்டின்மேல் மங்கலாக வெளிச்சம் விழுந்தது. திரையில் மின்னல் குறி தெரிந்தது.

"பாத்தியா, ஏறுது."

"இந்த வெளிச்சம் நிக்குமா?"

"காத்தடிச்சாக்கூட பிள்ளைகளை எண்ணிப் பாக்குற ஆளாச்சே நீ. உன்கிட்ட வந்து கேட்டேன் பாரு."

அல்லி சுருங்கிப் போயிற்று. காடே அதைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் கேலி செய்தது. நாரையின் குரல் தெளிவாகக் கேட்டால் குட்டிகளுக்கும் நல்லதுதானே? "சரி, உங்க இஷ்டம்" என்றது. இன்னொரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குரங்கு அழுத்தியது. திரையில் கோடு நகர்ந்தது. கால்வாசி. பாதி. அதற்குள் மேகம் மூடி மழை பிடித்தது. மின்னல் குறி மறைந்தது.

"நிறுத்துங்க அண்ணே."

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு போட்டிருக்கு."

முக்கால்வாசியில் திரை கறுத்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் விழிக்கவில்லை.

"வெயில் வந்தா சரியாயிடும்" என்று குரங்கு அல்லியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னது.

அல்லி வளைக்கு ஓடியது. மழையில் கொண்டுபோனால் குட்டிகள் குளிரில் விறைத்துவிடுமே என்று கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு மனம் கேட்காமல் மூத்ததைக் கவ்வி மேட்டில் விட்டது. இரண்டாவதையும் விட்டது. கடைக்குட்டிக்காக இறங்கி வந்தபோது, ஆறு இரைந்துகொண்டிருந்தது. வளையின் வாய் இருந்த இடத்தில் செந்தண்ணீர் சுழன்றது.

மறுநாள் சுள்ளென்று வெயில் அடித்தது. போன் பழையபடியே விழித்தது. புது அப்டேட் எதுவும் ஏறியிருக்கவில்லை. நாரை முதல்நாள் அனுப்பிய செய்தி மட்டும் அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"உங்க போன் எடுக்கலை. மூணு மதகும் திறந்துட்டாங்க. பிள்ளைகளைத் தூக்கிக்கோ அல்லி."

குரங்கு அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. போனை அல்லியின் முன்னால் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றது.

அல்லி படித்தது. பிறகு குட்டிகளை எண்ணியது. ஒன்று, இரண்டு. மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது.

பாதியில் நிறுத்த முடியாத வேலையை, அதை முடிக்கும் அளவு பலம் கையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.