இலையை மடிச்ச சிங்காரம்

ஒரு மலையும் அந்த மலைக்குக் கீழே ஒரு நாடும் இருந்துச்சாம். மலை ஒரு ராணிக்குச் சொந்தம், கீழ்நாடு ஒரு ராஜாவுக்குச் சொந்தம், நடுவுல ஓடுற ஆறு யாருக்குச் சொந்தம்னு மட்டும் யாருமே கேட்டதில்லையாம். மழை பேஞ்ச வரைக்கும் கேக்க வேண்டிய தேவையே வரல. ஒரு வருசம் மழை வரல. உடனே மலை ராணி ஆத்துக்குக் குறுக்கே மண் அணையைப் போட்டுட்டா, கீழே சொட்டுத் தண்ணி இல்ல. நெல்லு கதிர் விடுற நேரம். சனங்களுக்குக் கால் ஓரிடத்துல நிக்கல. வயலைப் பாப்பாங்க, வானத்தைப் பாப்பாங்க, மலையைப் பாப்பாங்க, மறுபடியும் வயலுக்கே வந்து நிப்பாங்க. ராஜாவும் முற்றத்துல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து நடந்து செருப்பே தேஞ்சு போச்சாம். டேய், நீ ஏன் பொரளுற? ராஜாதான் நடக்கிறாரு, நீ நேரா படு.

அந்த ராஜாவுக்கு யோசனை சொல்ல ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தன் சிங்காரம். அவன் பேசினா தேன் வழியும். ராஜா தும்மினாக்கூட, "ஆகா, என்ன கம்பீரம்!"னு சொல்லுவான். இன்னொருத்தி பவளாயி. அவ அதிகமா பேசமாட்டா, கேட்டுக்குவா. உப்பு விக்கிறவன் வந்தா கேப்பா, மாடு மேய்க்கிறவன் வந்தா கேப்பா, மலைத்தேன் கொண்டாறவன் வந்தா உக்கார வச்சுச் சோறு போட்டுக் கேப்பா.

ஆனா ராஜாவோட அறைக் கதவுகிட்ட நிக்கிறவன் சிங்காரம். பவளாயி எதைத் தெரிஞ்சுக்கிட்டு வந்தாலும் அவன்கிட்டதான் சொல்லணும். அவன் உள்ளே போயி, "மகாராஜா, நான் ராவெல்லாம் யோசிச்சேன்"னு அதையே சொல்லுவான். அடப்பாவிங்கிறீங்களா? அவளும் அதையேதான் சொன்னா, மனசுக்குள்ள.

மந்திரி செத்துப்போயி அந்த நாற்காலி காலியா கிடந்துச்சு. ராஜா சொல்லிட்டாரு: "மலையில இருந்து தண்ணியக் கொண்டாந்து தர்றவங்கதான் இனிமே மந்திரி."

அன்னைக்கே பவளாயி தேன்காரன் பின்னாடியே மலை ஏறிட்டா. அங்கே ராணியும் வந்திருந்த ஒரு கல்யாண வீட்டுல பாத்திரம் கழுவினா, பந்தியில பரிமாறினா, எல்லாத்தையும் பாத்தா, கால் வெடிச்சுப்போயித் திரும்பி வந்தா. நேரா கதவுகிட்ட வந்தா.

"சிங்காரண்ணே, மலையில சபை கூட்டிப் பேசமாட்டாங்க. பந்தியில உக்கார வச்சுத்தான் பேச்சு. மூணு தடவை பரிமாறுவாங்க, வேண்டாம்னா கோவம் வந்துரும், அதனால..."

"போதும் தாயி, போதும்!" அவன் உள்ளே பாஞ்சுட்டான்.

"அண்ணே, முக்கியமானதை இன்னும் சொல்லலையே!"

கதவு சாத்தியாச்சு.

அந்த முக்கியமானது என்னன்னா, மலை வழக்கத்துல, பந்தியில உக்காந்து பேசறப்போ ஒருத்தர் இலையை மடிச்சா, கடைசியா சொன்ன பேச்சுக்கு அவர் சம்மதிச்சுட்டார்னு அர்த்தம். ராஜா மடிச்சா நாட்டுக்கே சம்மதம், மத்தவங்க மடிச்சா அவங்களுக்கு மட்டும் சம்மதம். இலை விரிஞ்சு கிடக்கிற வரைக்கும் பேச்சு முடியல, எதிர்ல இருக்கிறவங்க எந்திரிக்கவும் கூடாது.

இதைச் சொல்லணும்னு பவளாயி மறுபடியும் வந்தா. "ராஜா குளிக்கிறாரு"ன்னான் சிங்காரம். அப்புறம் வந்தா. "ராஜா பூசையில இருக்காரு"ன்னான். மலைக்குக் கிளம்பின அன்னைக்குப் பல்லக்கு பக்கத்துல ஓடி வந்தா. "ராஜா தூங்குறாரு"ன்னான்.

"உள்ளே இருமுற சத்தம் கேக்குதே அண்ணே?"

"தூக்கத்துல இருமுறாரு. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், மலையைப் பத்தி உனக்கு மேல எனக்குத் தெரியும்."

அதுக்கு மேல பவளாயி வாயைத் திறக்கல. வழியில கட்டுச்சோத்தைப் பிரிச்சாங்க, அவ கை நனைக்கல.

"என்னா பவளாயி, விரதமா? மந்திரி நாற்காலிக்கு வேண்டுதலோ?" சிங்காரம் புளிச்சோத்தை உருட்டி உருட்டி முழுங்கிக்கிட்டே கேட்டான்.

"ஆமாண்ணே, வேண்டுதல்தான்."

மலையில பந்தி போட்டாங்க. ஒரு பக்கம் ராணி, எதிர்ப்பக்கம் ராஜா, ராஜா பக்கத்துல சிங்காரம், வரிசைக் கடைசியில பவளாயி. தினைச்சோறு, நெல்லுச்சோறு, பலாக்கொட்டைக் குழம்பு, கிழங்கு, தேன், பாயாசம். முதல் தடவை பரிமாறினாங்க, ராணி சொன்னா, "தண்ணி கிடையாது." ரெண்டாந்தடவை பரிமாறினாங்க, "கிடையவே கிடையாது." மூணாந்தடவை பரிமாறிட்டு, "மழை வர்ற வரைக்கும் மதகைத் திறக்கமாட்டேன். அதுவரைக்கும் அணையில சேர்ற சேத்தை அள்ள உங்க ஆளுதான் வரணும்"னா.

சிங்காரத்துக்கு வயிறு முட்டிப்போச்சு. மரியாதை தெரிஞ்சவன்னு காட்டணுமே? "அருமையான விருந்து ராணியம்மா!"ன்னு சொல்லி இலையை அழகா மடிச்சான்.

மலைக்காரங்க எல்லாரும் அவனையே திரும்பிப் பாத்தாங்க. அவனைப் பாத்து ராஜாவும் இலை ஓரத்துல கை வச்சாரு. நெனச்சுப் பாருங்க, அந்த இலை மட்டும் மடிஞ்சிருந்தா ஊரு நெல்லெல்லாம் கருகினதுதான்!

"ஏ மாதம்மா!" பவளாயி கடைசியில இருந்து கத்தினா. பரிமாறுற பொம்பளைங்க எல்லாரையும் அவளுக்குப் பேர் சொல்லித் தெரியும். "ராஜா இலைக்குப் பாயாசம்! நெறைய ஊத்து!"

ராஜாவுக்குப் பாயாசம்னா உசுரு. ஓரத்துல இருந்த கை நடுவுக்கு வந்துருச்சு.

"ராணியம்மா, நான் பேசலாமா?"

"இலை விரிஞ்சுதானே கிடக்கு? பேசு."

"நீங்க திங்கிற அரிசி எங்க வயலு அரிசி. நெல்லு கருகினா தைமாசம் உங்க உலையில என்ன வேகும்? ஒருநாள் தண்ணி உங்களுக்கு, ஒருநாள் எங்களுக்கு. முறை வச்சுப் பாய்ச்சுவோம்."

"முடியாது."

"சரிங்கம்மா." பவளாயி ஒரு பருக்கையை எடுத்து வாயில போட்டா. "மாதம்மா, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு."

பட்டினி கிடந்து வந்தவளாச்சே, சாப்பிட்டுக்கிட்டே இருந்தா. ராஜா இலையில சொட்டு குறைஞ்சா உடனே பாயாசம். ராணியால எந்திரிக்க முடியல. அந்த ராணிக்கு வெத்தலை இல்லாம இருக்க முடியாது, இலை மடிக்காம வெத்தலை போடவும் கூடாது. அதையும் பவளாயி கல்யாண வீட்டுலயே பாத்துட்டா. ராணி வெத்தலைப்பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பாத்தா, தொடையைத் தட்டினா, கால மாத்தி மாத்தி உக்காந்தா. பவளாயி கிழங்குக்குத் தோல் உரிச்சுக்கிட்டு இருந்தா, பொறுமையா.

கடைசியில ராணிக்குச் சிரிப்பு வந்துருச்சு. "எம்புட்டுத்தான்டி திம்ப? சரி, ஒருநாள் விட்டு ஒருநாள்!"னு சொல்லிப் படக்குன்னு இலையை மடிச்சா.

"இப்போ நான் மடிக்கலாமா?"ன்னாரு ராஜா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு.

"இப்போ மடிங்க மகாராஜா." சொல்லிட்டு, எதுக்கு அப்படின்னு விவரம் அத்தனையும் சொன்னா.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"வந்தேனே. நீங்க ஒருதடவை குளிச்சுக்கிட்டு இருந்தீங்களாம், ஒருதடவை பூசையில இருந்தீங்களாம், பல்லக்குல தூங்கிட்டீங்களாம்."

"நான் எங்கே தூங்கினேன்? கவலையில கண்ணை மூடியே மாசமாச்சு!" ராஜா மெல்லச் சிங்காரம் பக்கம் திரும்பினாரு.

சிங்காரம் மடிச்ச இலையை அவசர அவசரமா விரிக்கப் பாத்தான். "ராணியம்மா, நான் தெரியாம மடிச்சுட்டேன்..."

"மடிச்சது மடிச்சதுதான்"னா ராணி, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே. "நீ மடிச்சப்போ நான் என்ன சொன்னேன்? மழை வர்ற வரைக்கும் சேறு அள்ள ஆள். மண்வெட்டி அந்தா இருக்கு."

"மகாராஜா!"ன்னு அலறினான்.

"நல்லா அள்ளு சிங்காரம்"னு சொல்லிட்டு ராஜா பல்லக்குல ஏறிட்டாரு.

நெல்லு பொழைச்சுச்சு. பவளாயி மந்திரி ஆனா, ஆனதும் முதல் வேலையா ராஜா அறையோட கதவையே கழட்டி வைக்கச் சொல்லிட்டா. சிங்காரம் மட்டும் இடுப்பளவு சேத்துல நின்னுக்கிட்டு, ஒரு கூடை அள்ளுவான், வானத்தைப் பாப்பான், இன்னொரு கூடை அள்ளுவான், வானத்தைப் பாப்பான். மழை அந்த வருசமும் வரல, அடுத்த வருசமும் வரலையாம்.

அடுத்தவங்க கால் வெடிக்க நடந்து தெரிஞ்சுக்கிட்டதைப் பாதியில பறிச்சுக்கிட்டு ஓடுனா, மீதிப் பாதி நம்ம தலையிலதான் விழும். தண்ணி வயலுக்குப் போச்சு, ராஜா அரண்மனைக்குப் போனாரு, கதை மலையேறிப் போச்சு. நீங்க கண்ணை மூடுங்க.