பதிவேட்டில் மூன்று கையெழுத்து

கருங்காட்டூர் படிப்பகத்தைப் பூட்டி அதிகாரிகள் சீல் வைத்தபோது, அதை நடத்திவந்த சுடலைவடிவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பதினோரு பெண்கள் அங்கே உட்கார்ந்துதான் அரசுத் தேர்வுக்குப் படித்தார்கள். தேர்வுக்கு இருபதே நாள்.

அதற்கு முன்பு நடந்த தேர்தலன்று அந்த மாவட்டத்தில் நாற்பது ஊர்களில் அடிதடி, தீவைப்பு. காரணம் கண்டுசொல்ல, ஒப்பீட்டு அரசியல் கற்ற மூவரை அரசு அனுப்பியது. சரியாகச் சொல்பவருக்கு நிரந்தரப் பதவி.

முதலாமவர் எரிந்த ஊர் ஒன்றில் ஆறு மாதம் தங்கினார். சண்டை படிப்பகத்து வாசலில் தொடங்கியதை ஊராரே சொல்லக் கேட்டார். இரண்டாமவர் எரிந்த ஊர்கள் இரண்டை ஒப்பிட்டார். ஒன்று ஆற்றோரம், மற்றது பொட்டல். சாதி வேறு, கட்சி வேறு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது படிப்பகம் மட்டுமே. மூன்றாமவர் எரிந்த நாற்பதையும் எண்ணினார். நாற்பதிலும் படிப்பகம்.

மாவட்டத்துப் படிப்பகங்கள் எல்லாவற்றையும் மூட உத்தரவாயிற்று. பதவி யாருக்கு என்பதில்தான் மூவருக்கும் இழுபறி. சீல் வைத்த மறுநாள், அதை முடிவுசெய்ய மூவரும் கூடியிருந்த அறைக்குள் சுடலைவடிவு படிப்பகத்து வருகைப் பதிவேட்டோடு நுழைந்தாள்.

“யாரும்மா நீ?”

“நீங்க பூட்டுன எடத்துக்காரி. பஸ் மாறும்போதெல்லாம் என் படிப்பகத்து ஃபேனுக்கு அடியிலதான உக்காந்திய? தண்ணி குடிச்சிய, பேப்பர் படிச்சிய. இந்தா, மூணு பேரு கையெழுத்தும் இருக்கு.”

மூன்றாமவர் சிரித்தார். “உபசரிப்பை மறக்கலம்மா. ஆனா இது ஆராய்ச்சி. நாப்பதுக்கு நாப்பது. ஒண்ணுகூடத் தப்பல.”

“எங்க ஊர்ல ஒரு கல்லு விழுந்திச்சா சார்?”

“இல்லையே. அதனாலதான் உங்க ஊரு எங்க பட்டியல்லயே இல்ல.”

அவள் பதிவேட்டை மேசைமேல் அறைந்தாள்.

கதை கேட்டவர்களே, ஓர் ஊரில் தங்கியவர், இரண்டை ஒப்பிட்டவர், நாற்பதை எண்ணியவர் — பதவி யாருக்குச் சேரவேண்டும்?

விடை: ஒருவருக்கும் இல்லை. காய்ச்சல்காரர்களை மட்டும் விசாரித்தால் அத்தனை பேரும் தண்ணீர் குடித்தவர்களாகத்தான் இருப்பார்கள். அதற்காகக் கிணற்றை மூடுவார்களா? எரிந்த ஊருக்குப் பக்கத்தில் எரியாத ஊரையும் வைத்துப் பார்த்தால்தான் அது ஒப்பீடு. எரியாத ஊரின் படிப்பகத்தில் உட்கார்ந்துகொண்டே மூவரும் எரிந்த ஊர்களைப் பற்றிக் குறிப்பெழுதினார்கள். பதவி என்னவோ நாற்பதை எண்ணியவருக்குப் போயிற்று. அன்று சாயங்காலம் கருங்காட்டூரில் முதல் கல் விழுந்தது. எறிந்தவள் சுடலைவடிவு. விழுந்தது பூட்டின்மேல்.