போகலாம் என்ற ஒரு வார்த்தை

அம்பத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி. அங்கே சீஃப் ஆர்க்கிடெக்ட் சந்தானகோபாலன் வைத்ததுதான் சட்டம். அவர் அறைக்குள் போனவர்கள், அவர் வாயால் "போகலாம்" என்று சொல்லாமல் வெளியே வரக்கூடாது.

கம்பெனியின் மென்பொருளைச் சோதிக்கும் நாலாயிரம் டெஸ்ட் புரோகிராம்களும் ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் மெமரி நிரம்பிப் பாதியிலேயே நின்றன. சந்தானகோபாலன் கான்ட்ராக்ட் டெஸ்டர் பேச்சியம்மாளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உறுமினார்.

"உங்க டெஸ்ட் எல்லாம் குப்பை. எல்லாத்துக்கும் பொதுவா நான் எழுதின ஃபைல் சுத்தத் தங்கம். அதுல கை வைக்காம இன்னைக்கே சரி பண்ணு. இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே."

"சரி சார். இங்கேயிருந்தே டீம்ல ஒவ்வொருத்தரா ஃபோன்ல வரச் சொல்றேன், நீங்களே விசாரிங்க."

விசாரித்தார். கோபத்தில் ஒவ்வொருவரையும் திட்டி முடித்ததும் "அடுத்த ஆள்!" என்று மட்டும் கத்தினார். இருபதாவது ஆள் நுழைந்தபோது அறையில் மூச்சுவிட இடமில்லை.

"விசாரிச்சு முடிச்சவங்க ஏன்யா இங்கேயே நிக்கறீங்க?"

"நீங்க போகலாம்னு சொல்லலையே சார்," என்றாள் பேச்சியம்மாள். "உங்க ஃபைலும் இப்படித்தான். ஒவ்வொரு டெஸ்டுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு திரையைத் திறக்குது. முடிஞ்சதும் அதை மூடச் சொல்ற வரி அதுல இல்லை. அத்தனை திரையும் மெமரியிலேயே நிக்குது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"போகலாம்," என்றார் அவர், ஈனக்குரலில். எல்லோரும் போனார்கள். அவள் மட்டும் நின்றாள்.

"அதையே ஃபைல்லயும் சொல்லிடுங்க சார். நான்தான் கை வைக்கக்கூடாதே."

அவரே அந்த ஒரு வரியை எழுதினார். நாலாயிரம் டெஸ்டும் முழுசாக ஓடி, பாஸ் என்று பச்சை காட்டின.

பேச்சியம்மாள் கதவைத் திறந்து வெளியே நடந்தாள், அவர் "போகலாம்" சொல்லும் வரை காத்திருக்காமல்.