விமலையின் வினைமுற்று

“என் கணவரைப் பற்றி நான் எந்தக் காலத்தில் பேச வேண்டும்?” என்று விமலை கேட்டாள்.

கேட்டது சாந்திமதி அம்மையாரிடம். நெடும்பாறைக் குன்றின் மேல் சமணப் பெண் துறவியர் தங்கும் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே இலக்கணம் சொல்லிக்கொடுத்து வந்தவர் அவர். விமலையைவிடப் பத்து வயதாவது இளையவர். உடுத்திய வெள்ளைச் சேலையும் ஒரு மயிற்பீலியும் தவிர அவருக்கென்று எதுவும் கிடையாது.

“எந்தக் காலம் என்றால்?”

“இருக்கிறார் என்பதா, இருந்தார் என்பதா?”

அம்மையார் அவளை உட்காரச் சொன்னார். விமலை உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

அவள் கணவர் பெயர் அப்பாண்டை. எள் வணிகர். ஒரு தை மாதத்தில் மூட்டைகளோடு அக்கரைக்குக் கப்பல் ஏறினார். கப்பல் திரும்பவில்லை. உடைந்ததைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. வேறு துறையில் கண்டேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை. விமலை துறைமுகத்துக்கு நடையாய் நடந்தாள். மாலுமிகளைக் கேட்டாள். சோதிடர்களைக் கேட்டாள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். ஆண்டுகள் போய்விட்டன.

ஊரார் அவள் முன்னால் அவர் பேச்சை எடுப்பதில்லை. வெளியூர்க்காரர் யாராவது, உன் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டுவிட்டால் அவளுக்கு வாய் அடைத்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மையார் சொன்னார்: “எனக்குக் கடல் தெரியாது. இலக்கணம் தெரியும்.”

“அப்படியானால் அதையாவது சொல்லிக்கொடுங்கள்.”

மழைக்காலம் தொடங்கியிருந்தது. அந்த மாதங்களில் துறவியர் ஊர் ஊராகப் போகாமல் ஒரே இடத்தில் தங்குவார்கள். அப்போதுதான் பாடம் நடக்கும். விமலை தினமும் காலையில் குன்றேறி வந்தாள்.

மற்ற மாணவர்கள் பாடத்தை மனப்பாடம் செய்தார்கள். விமலை மட்டும் ஓரிடத்தில் உட்காரமாட்டாள். பாதிப் பாடத்தில் எழுந்துபோய்ப் பாறை விளிம்பில் நிற்பாள். அங்கிருந்து பார்த்தால் கிழக்கேயிருந்து வரும் பாதை தெரியும். யாரும் வரவில்லை என்று உறுதியான பிறகு திரும்பி வந்து உட்காருவாள். சற்று நேரத்தில் மறுபடி எழுவாள்.

அம்மையார் அவளைத் தடுத்ததில்லை.

பாடத்தோடும் அவள் சண்டை பிடித்தாள்.

“வந்தான். இது இறந்தகாலம்,” என்றார் அம்மையார் ஒருநாள்.

“வந்ததை யார் பார்த்தது?” என்றாள் விமலை.

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மையார் சிரிக்கவில்லை. நல்ல கேள்வி என்றார். அடுத்த வினைக்குப் போனார்.

எதிர்காலத்தைப் பற்றிச் சொன்ன அன்றைக்கு விமலை முதன்முறையாக இடத்தைவிட்டு எழாமல் கேட்டாள். இனி நடக்கப்போவதைச் சொல்லும் அதே சொல், வழக்கமாக நடப்பதையும் சொல்லும் என்றார் அம்மையார். எப்போதோ நடந்துவந்ததைச் சொல்லவும் அது உதவும். ‘பாட்டனார் நன்றாகப் பாடுவார்’ என்றால், நாளைக்குப் பாடுவார் என்று பொருளில்லை.

மறுநாள் விமலை முகம் தெளிந்து வந்தாள்.

“எனக்கு வழி கிடைத்துவிட்டது,” என்றாள். “கேளுங்கள். என் கணவர் விடியுமுன் எழுவார். வண்டி மாட்டோடு பேசிக்கொண்டே பல் துலக்குவார். பொழுது சாயுமுன் உண்ண வேண்டும் என்று களத்துமேட்டிலிருந்து ஓடி வருவார். பானையின் அடியில் பிடித்த சோற்றைத்தான் கேட்டு வாங்கி உண்பார். எதைச் சொன்னாலும், ஆகட்டும் பார்க்கலாம் என்பார்.”

சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. அவர் இருக்கிறாரா இல்லையா என்று எந்தச் சொல்லும் அவளைக் கேட்கவில்லை.

“நான் இந்தச் சொற்களிலேயே இருந்துவிடுகிறேன்,” என்றாள்.

“இருக்கலாம்,” என்றார் அம்மையார். “இன்று என்ற சொல்லை மட்டும் முன்னால் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.”

விமலை சேர்த்துப் பார்த்தாள். “இன்று பொழுது சாயுமுன் உண்ண ஓடி…”

அவளால் முடிக்க முடியவில்லை. எழுந்துபோய் விளிம்பில் நின்றாள். அன்று நெடுநேரம் திரும்பி வரவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் விமலையின் வீட்டுக்கு அவள் கொழுந்தன் தரணேந்திரன் வந்தான்.

அவன் கெட்டவன் இல்லை. அண்ணன் போனதிலிருந்து நிலத்தையும் கொட்டிலையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். அண்ணி மனம் நோகும்படி ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது அவன் மகளுக்கு நல்ல இடம் வந்திருந்தது. அந்தப் பெண்ணைக் கைபிடித்து நடக்கப் பழக்கியவளே விமலைதான்.

நிச்சயத் தாம்பூலத்தை வீட்டுக்கு மூத்தவர் மாற்ற வேண்டும். அதுதான் வழக்கம். அண்ணன் இருக்கிறார் என்றால் அவர் இடத்தில் தம்பி உட்காரக் கூடாது. இல்லை என்றால் முறைப்படி ஊருக்குச் சொல்லித் தீட்டுக் கழித்த பிறகே நல்ல காரியம் செய்யலாம். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்போது வேறு பெண் தேடத் தொடங்கியிருந்தார்கள். இதையெல்லாம் தரணேந்திரன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

கடைசியில் தலை நிமிர்ந்து, “ஒரு சொல் சொல்லுங்கள் அண்ணி,” என்றான். “இருக்கிறார் என்றால் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடுகிறேன். இல்லை என்றால் செய்ய வேண்டியதைச் செய்கிறேன். எதுவும் சொல்லாமல் இருந்தால் நான் என்ன செய்வது?”

விமலைக்குக் கோபம் வந்தது. என்னைத் தாலி அறுக்கச் சொல்கிறாயா என்று கேட்டாள்.  அவன் கண் கலங்கியதைப் பார்த்தபோது கோபம் அவள் மேலேயே திரும்பியது. மாப்பிள்ளை வீட்டாருக்கு நாளை மறுநாள் பதில் சொல்ல வேண்டும், அன்று காலையில் குன்றுக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

மறுநாள் அவள் ஓட்டமும் நடையுமாகக் குன்றேறினாள். மற்றவர்கள் இன்னும் வந்திருக்கவில்லை.

“போதும் அம்மா,” என்றாள். “வந்தான், வருகிறான் எல்லாம் கற்றுவிட்டேன். எனக்கு ஒரு சொல் வேண்டும். நாளைக்குள் வேண்டும்.”

“நடந்ததைச் சொல்லுங்கள்,” என்றார் அம்மையார். “தெரிந்ததை மட்டும். ஒரே வாக்கியமாக.”

விமலை மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“என் கணவர் எள் மூட்டைகளை வண்டியில் ஏற்றி, என்னிடம் சொல்லிக்கொண்டு, துறைக்குச் சென்று, கப்பலேறி, கடலில் போய்…”

நின்றுவிட்டாள்.

அம்மையார் காத்திருந்தார்.

மற்றவர்கள் வந்தார்கள். பாடம் இல்லை என்று தெரிந்து திரும்பிப் போனார்கள். வெயில் ஏறியது. அந்தத் துறவியர் உச்சிப்பொழுதுக்குள் ஊருக்குள் இறங்கி, கொடுப்பதை ஒரு வேளை உண்டுவிட்டு வருவார்கள். உச்சி தாண்டினால் அன்று பட்டினி.

“நேரமாகிறது அம்மா,” என்றாள் விமலை. “நீங்கள் ஊருக்குள் போகவில்லையா?”

“நீங்கள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.”

“நான் அப்புறம் சொல்கிறேன்.”

“சொல்லிக்கொண்டிருப்பவரை விட்டுவிட்டு நான் எப்படி எழுந்து போவது?”

உச்சி தாண்டியது. அம்மையார் உட்கார்ந்தே இருந்தார்.

விமலை பொழுது சாயும்வரை பள்ளிக்கும் பாறைக்குமாக நடந்தாள். வாக்கியம் அந்த இடத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்குப் போனாள். உலை வைக்கவில்லை.

காலையில் வந்து பார்த்தபோது அம்மையார் அதே இடத்தில் இருந்தார். உதடு காய்ந்திருந்தது.

“போய்?” என்றார்.

விமலைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“இறந்தார் என்று முடித்தால் சாப்பிடப் போவீர்களா?”

“நீங்கள் பார்த்தீர்களா?”

“இல்லை.”

“பார்க்காததைச் சொல்ல வேண்டாம்.”

“திரும்புவார் என்றால்?”

“தெரியுமா?”

“தெரியாது,” என்றாள் விமலை. “எனக்கு எதுவுமே தெரியாது. போய் என்றால் அது முடியாமல் நிற்கும் வினை, எச்சம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். போனவர் எவரோ அவரே செய்த வேறொரு வினைதான் அதை முடிக்க வேண்டும் என்றும் சொன்னீர்கள். அந்த வினை என்னிடம் இல்லை. அவரிடம் இருக்கிறது. நான் எங்கே போய் அதைத் தேடுவேன்? தேடாத இடம் உண்டா?”

“விதி சரி,” என்றார் அம்மையார்.

மாணவர்கள் எழுதிப் பழக மணல் பரப்பிய பலகை ஒன்று அங்கே கிடந்தது. அதைத் தன் முன் இழுத்தார். எறும்பு ஏதும் இருந்தால் விலகட்டும் என்று மயிற்பீலியால் மெல்ல வருடினார். பிறகு விரலால் எழுதினார்.

போய்.

விமலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் கட்டைவிரலால் கடைசி எழுத்தை அழித்தார்.

போ.

“என்னைப் போகச் சொல்கிறீர்களா?”

அம்மையார் பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

“நான் பாடி…” என்றார். “முடியுங்கள்.”

“நீங்கள் பாடி ஓய்ந்தீர்கள்.”

“நான் பாட…”

“நீங்கள் பாட…” விமலை வாயெடுத்தாள். “நான் கேட்டேன்.”

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒருவர் பாட, இன்னொருவர் கேட்டார். முடித்தவர் பாடியவர் இல்லை.

அவள் பலகையின் முன் உட்கார்ந்தாள். ‘போ’வை அடுத்து மணல் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில் ஓர் எழுத்தை எழுதினாள்.

க.

வெகுநேரம் அதையே பார்த்திருந்தாள். கிழக்குப் பாதையில் யாரோ வரும் காலடிச் சத்தம் கேட்டது. அவள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

வந்தவன் தரணேந்திரன். குன்றேறிய களைப்பில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அம்மையாரை வணங்கினான். அண்ணியைக் கேட்கத் தைரியம் வராமல் அப்படியே நின்றான்.

“தரணேந்திரா,” என்றாள் விமலை. “உன் அண்ணன் போக…”

அவன் காத்திருந்தான். அம்மையாரும் காத்திருந்தார்.

“நான் இருக்கிறேன். உன் மகளுக்கு நான் தாம்பூலம் மாற்றுகிறேன்.”

வீட்டுக்கு மூத்தவள் அவள்தான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அப்படி ஒரு பெண் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. கூடாது என்று யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. அவன் அம்மையாரைப் பார்த்தான்.

அம்மையார் எழுந்தார். பட்டினியில் கால் சற்றுத் தள்ளாடியது. வெயிலை அண்ணாந்து பார்த்தார். உச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. மயிற்பீலியை எடுத்துக்கொண்டு ஊரை நோக்கிப் படியிறங்கத் தொடங்கினார்.

விமலை சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கினாள். தரணேந்திரன் ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

“ஊரார் கேட்பார்களே அண்ணி,” என்றான். “அண்ணன் இருக்கிறார் என்று சொல்வதா, இல்லை என்று சொல்வதா?”

“பந்தலுக்கு ஆள் சொல்லிவிட்டாயா?” என்று விமலை கேட்டாள்.