எட்டேழு ஐம்பத்துநாலு

"சாமி, என் வகுப்பறையில பிள்ளைங்க தூங்குது. அந்த வடிவோட வகுப்புல பிள்ளைங்க சிரிக்குது. எனக்கு ஒரு வழி சொல்லணும்."

பூதலிங்கம் இப்படிக் கேட்டபோது குரு மடத்துக் கிணற்றடியில் உட்கார்ந்து பெரிய சோற்றுப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குருவைவிடச் சீடருக்குச் சில வயது கூடுதல். அதனால் குரு அவரை 'நீர்' என்றுதான் அழைப்பார்.

"என்னவெல்லாம் செஞ்சு பார்த்தீரு?"

"கடலைமிட்டாய் வாங்கிக் குடுத்தேன்."

"அப்புறம்?"

"தின்னுட்டுத் தூங்குச்சு."

குரு பானையைத் திருப்பிப் போட்டார்.

"வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடிக்கூடப் பார்த்தேன் சாமி."

"அதுக்குச் சிரிச்சிருக்குமே?"

"என் தொண்டையைக் கேட்டுச் சிரிச்சுது. கணக்குக்குச் சிரிக்கல."

மலையடிவாரத்தில் மடம் நடத்திய பள்ளிக்கூடம் அது. கணக்குக்கு இரண்டு பேர். ஒருவர் பூதலிங்கம், இன்னொருத்தி சண்முகவடிவு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அமாவாசைக்கும் மறுநாள் பிள்ளைகள் தங்கள் தடுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போய், பிடித்த ஆசிரியரின் அறையில் விரித்துக்கொள்ளலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. ஒரு பாயும் விழாத அறைக்குப் பூட்டு. அந்த ஆசிரியருக்குத் தோட்டவேலை.

போன அமாவாசைக்குப் பூதலிங்கத்தின் அறையில் பாதித் தரை தெரிந்தது. அடுத்த அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

தோட்டவேலை கூடப் பரவாயில்லை. வெண்டைக்காய்க்குத் தண்ணீர் ஊற்றும்போது வடிவு வந்து "என்ன அண்ணாச்சி, நல்லாயிருக்கீங்களா?" என்று அன்பாக விசாரிப்பாளே, அதை நினைத்தால்தான் அவருக்கு வயிறு எரிந்தது. அவள் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள்.

இத்தனைக்கும் பூதலிங்கத்தின் கரும்பலகையில் ஒரு தப்பு ஏறியதில்லை. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. எப்போதாவது ஒரு பிள்ளை "ஐயா, இது..." என்று இழுத்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். நானாவது, தப்பாவது என்கிற பார்வை. இழுத்த பிள்ளை மிச்சத்தை விழுங்கிவிடும்.

"வடிவு அறைக்கு ஒரு சன்னல் இருக்குல்லா?" என்றார் குரு.

"இருக்கு."

"திறந்துதானே கெடக்கும்?"

"அவ வகுப்பை நான் போய் எட்டிப் பார்க்கணுமா சாமி?"

"பார்க்காமலா இத்தனை நாளும் எரியுதீரு?"

பூதலிங்கம் முகம் சிவந்து எழுந்து போனார்.

மறுநாள் காலை, முருங்கை மரத்தைப் பார்க்கிறவர் மாதிரி மேலே அண்ணாந்துகொண்டே அந்தச் சன்னல் ஓரம் ஒதுங்கினார். உள்ளே வடிவு பலகைக்கு முன் நின்றாள். சேலை முந்தியெல்லாம் சுண்ணாம்புத் தூள். எட்டு எழுதினாள், பெருக்கல் குறி போட்டாள், ஏழு எழுதினாள்.

அப்புறம் ஐம்பத்துநாலு என்று எழுதினாள்.

பூதலிங்கம் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார். ஐம்பத்துநாலேதான்.

அவர் மனசுக்குள் மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. எத்தனை நாள் எரிச்சல், எத்தனை அமாவாசைக் கவலை, எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார்! உள்ளே பிள்ளைகள் 'ஓ' என்று கத்துகிற சத்தம் கேட்டது. மானம் போகிறது அவளுக்கு, நன்றாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

மிச்சத்தைப் பார்க்க அவருக்குப் பொறுமையில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடத்துப் படிகளில் ஓடினார். வழியில் ஒரு செருப்பு கழன்றது. எடுக்க நிற்கவில்லை.

"சாமி! சாமி!"

குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அந்த வடிவுக்குக் கணக்கே தெரியாது சாமி! எட்டேழு எவ்வளவுன்னு எழுதுனா தெரியுமா? ஐம்பத்திநாலு!"

"அப்படியா!" என்றார் குரு. "அப்போ எவ்வளவு?"

"ஐம்பத்தாறு!"

அவர் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கைகள் பறந்துபோயின.

குரு எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பூதலிங்கம் மூச்சு வாங்கியபடி அண்ணாந்து குடித்தார்.

"இத்தனை வருசமா கணக்கு சொல்லிக் குடுக்கீரு," என்றார் குரு. "ஒரு கணக்குக்கு விடை சொல்ல நீர் ஓடிவந்து இன்னைக்குத்தான் பார்க்கேன்."

பூதலிங்கத்துக்குத் தண்ணீர் புரையேறியது.

இருமி முடித்துவிட்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"சாமி, அவ தெரிஞ்சு எழுதுனாளா, தெரியாம எழுதுனாளா?"

"எனக்கெப்படித் தெரியும்? உமக்கு ருசிச்சுதா, இல்லையா?"

குரு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

அன்று முழுக்கப் பூதலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவ்வளவுதானா அவளுடைய வித்தை? ஒரு தப்பு! இதற்கா பிள்ளைகள் பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன? அவள் ஒன்று எழுதினால் நான் ஒன்பது எழுதுவேன். என் அறையில் கிளம்புகிற சத்தத்தில் அவள் அறைச் சுவர் அதிரட்டும்.

மறுநாள், அமாவாசைக்கு முந்தின நாள். பூதலிங்கம் வகுப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சன்னலை நன்றாகத் திறந்து வைத்தார். வடிவுக்குக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள்.

அவர் எட்டு எழுதினார். பெருக்கல் குறி போட்டார். ஏழு எழுதினார்.

விடை எழுதப் போனபோது கை மறுத்தது. தெரிந்தே ஒரு தப்பு எழுத அந்தக் கைக்குப் பழக்கமில்லை. சுண்ணாம்புக்கட்டி இரண்டாக உடைந்தது. கீழே விழாத துண்டால், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்தார்.

ஐம்பத்துநாலு.

பலகையைப் பார்த்தபடியே நின்றார். முதுகுக்குப் பின்னால் அந்த 'ஓ' இதோ கிளம்பப் போகிறது. அவருக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

சத்தம் வரவில்லை.

சிலேட்டுக் குச்சிகள் கீச்சிடுவது மட்டும் கேட்டது.

திரும்பினார். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. எல்லாரும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒருத்தியைத் தவிர. முப்பிடாதி என்கிற பெண் குச்சியைக் கையில் பிடித்தபடி பலகையையே பார்த்தாள். உதடு அசைந்தது. விரல்களை மடித்தாள், விரித்தாள். கண் பெரிதாயிற்று. வாயைத் திறந்தாள்.

பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

முப்பிடாதி வாயை மூடிக்கொண்டு குனிந்தாள்.

சன்னல் வழியே வடிவு அறைச் சத்தம் வந்து நிறைந்தது. பூதலிங்கம் முதல்முறையாக அதைக் காதில் வாங்கவில்லை. நடந்து போய் அந்தப் பெண்ணின் பாய்க்கு முன்னால் தரையில் குந்தினார்.

"என்னமோ சொல்ல வந்தியே, என்னம்மா அது?"

அவள் சிலேட்டை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லய்யா."

"பயப்படாம சொல்லு. பலகையில இருக்கது சரியா?"

முப்பிடாதி பலகையைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சரிதான்யா," என்றாள். "எட்டேழு ஐம்பத்திநாலு."