பிள்ளையார் வாகனத்துக்கு ஒரு லாயம்

முன்னொரு காலத்திலே, எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். ஒருநாள் அவர் கனவில் ஒரு மூஞ்சூறு வந்து கும்பிடு போட்டது. அவ்வளவுதான், மனுஷன் எழுந்ததும் எழாததுமாகத் தண்டோரா போடச் சொல்லிவிட்டார்: "எலியானாலும் பெருச்சாளியானாலும் பிள்ளையார் வாகனம். அதன்மேல் கை வைத்தவருக்கு அந்தக் கை இருக்காது."

அரண்மனையில் ஏது எலி? எலியெல்லாம் ஓடைக்கரைத் தெருவில் அல்லவா இருந்தது. அது கூலிக்காரர்களின் குடிசைத் தெரு. ஊர் எச்சிலிலை, அழுகல் எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவார்கள். நகரத்தைக் கவனிக்கிற மந்திரி தாண்டவராயருக்கு இந்த உத்தரவு வயிற்றில் பால் வார்த்தது. வாகனத்துக்குத் தீனியாகிவிட்ட குப்பையை அள்ளு என்று இனி எவன் வந்து கேட்பான்?

இந்த நேரம் பார்த்துச் சடைச்சி மாட்டிக்கொண்டாள். கல் சுமந்து பிழைக்கிறவள். தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கால்விரலை எலி கடித்துவிட்டது. விளக்குமாற்றை எடுத்து ஒரே போடு போட்டாள், எலி செத்தது. மந்திரியின் ஆட்கள் கைப்பிள்ளையோடு அவளை இழுத்து வந்து சபையில் நிறுத்தினார்கள்.

சபையில் விகடகவி பூவலிங்கமும் இருந்தார். அவரும் அதே தெருவில் பிறந்தவர். மந்திரிக்கு இது தெரியாதா என்ன? ராஜா இந்தக் குடிசைக்காரனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறாரே என்று வெகுநாளாகப் புகைந்துகொண்டிருந்தவர் ஆயிற்றே.

"பிரபு, இந்த வழக்கைப் பூவலிங்கமே தீர்க்கட்டும். தங்கள் ஆணை பெரிதா, தன் தெருக்காரி பெரிதா, பார்த்துவிடலாம்" என்றார் மந்திரி. ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

பூவலிங்கம் பிள்ளையின் காலைப் பார்த்தார். சுற்றியிருந்த துணியெல்லாம் ரத்தம். பொத்துக்கொண்டு வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு கும்பிட்டார்.

"தண்டனைக்கு முன் ஒரு சந்தேகம், பிரபு. தங்கள் பட்டத்துக் குதிரையை எங்கே கட்டுகிறோம்?"

"அரண்மனை வாசல் லாயத்தில். இதென்ன கேள்வி?"

"தங்கள் வாகனத்துக்கு அரண்மனை வாசல். பிள்ளையார் வாகனத்துக்கு மட்டும் ஒழுகுகிற குடிசையா? தீனியை அங்கே கொட்டி, தெய்வத்தின் வாகனத்தைக் கூலிக்காரி வீட்டில் குடிவைத்தது முதல் குற்றம் இல்லையா? பக்தியில் சிறந்த நம் மந்திரியார் வாசலுக்கு லாயத்தை மாற்றுவோம். அதுவரை இவள் வீட்டுக்குப் போகட்டும்."

"ஆகா, இன்றைக்கே மாற்றுங்கள்" என்றார் ராஜா.

அன்று கிளம்பிய ஊர்வலத்தைக் கேட்கிறீர்களா? குப்பை வண்டிகளுக்கு மாவிலைத் தோரணம்! முன்னால் மேளம், பின்னால் ஓடைக்கரைத் தெருவே திரண்டு, "வாகனத் தீனி வருகுது, வழி விடுங்கள்" என்று கூத்தும் கும்மாளமும்தான். மந்திரி மாளிகை வாசலில் மலையாகக் குவித்துவிட்டு வந்தார்கள். தீனி போன பக்கம் எலியும் போகத்தானே செய்யும்? குடும்பம் குட்டியோடு குடிபெயர்ந்துவிட்டன.

அடிக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது. பட்டு வேட்டியில் ஜன்னல் வைத்தன. தலைப்பாகையில் குட்டி போட்டன. கடைசியில் ஒரு காலை, பாதிக் குடுமியோடு மந்திரி சபைக்குள் ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார்.

"பிரபு, காப்பாற்றுங்கள். அவை வாகனமும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் எலி."

"நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பிரபு" என்றார் பூவலிங்கம். "சடைச்சி அடித்ததும் அதே வெறும் எலியைத்தான்."

ராஜா மந்திரியின் குடுமியைப் பார்த்தாரோ இல்லையோ, வயிறு வலிக்கச் சிரித்தார். உத்தரவு ரத்து, சடைச்சிக்கு விடுதலை. கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவலிங்கத்துக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"ஊர்க் குப்பை இனி ஊருக்கு வெளியே குழி தோண்டிப் புதைக்கப்பட வேண்டும், பிரபு. ஓடைக்கரைத் தெருவுக்குத் தினமும் வண்டி வரவேண்டும். முன்னால் மந்திரியார் நடந்து வரவேண்டும்."

அப்படியே நடந்தது. ஒருநாள் மத்தியானம் பூவலிங்கம் சடைச்சியைப் பார்த்துவரப் போனார். தொட்டிலடியில் வாய் திறந்தபடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்குமாறு வாசல் மூலையில் கிடந்தது. பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் இப்படித் தூங்கி யாரும் பார்த்ததில்லையாம். எழுப்ப மனசு வராமல் பூவலிங்கம் அப்படியே திரும்பிவிட்டார்.