திரைக்குப் பின்னால் மரபுக் காவலர்

கமலைக்கோட்டையை ஆண்ட சிங்கராயருக்குப் பட்டம் கொடுப்பதென்றால் கொள்ளை ஆசை. நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது கைகட்டி நின்றால் போதும், ஒரு பட்டத்தை எடுத்து நீட்டிவிடுவார். இந்த ஆசையை நன்றாக மோப்பம் பிடித்து வைத்திருந்தவர் பிரதானி ஞானசிகாமணி. அவர் 'மரபு காக்கும் மகாசபை' என்று ஒன்றைத் தொடங்கினார். தலைவர் அவர். உறுப்பினர்கள் அவருடைய மைத்துனர்மார். நாட்டில் மரபைக் காப்பவர் யார் என்று தேடிப் பிடித்து மன்னரிடம் சொல்வது சபையின் வேலை. அந்த வருஷம் சபை மிகவும் சிரமப்பட்டுத் தேடி, கடைசியில் தன் தலைவரையே கண்டுபிடித்தது.

எதையும் காக்காமல் பட்டம் வாங்கினால் நன்றாகவா இருக்கும்? அதற்கும் பிரதானி முன்பே வழி செய்திருந்தார். செங்காட்டுப்பாக்கத்துக் கூத்துக் குழுவான ஜமாவின் மரக் கிரீடங்களையும் மத்தளத்தையும் போன திருவிழா முடிந்த கையோடு அள்ளிக்கொண்டு வந்து சபை மண்டபத்தில் பூட்டிவிட்டார். கதவில் ஒரு சாமந்தி மாலையும் தொங்கியது, பெரிய இரும்புப் பூட்டும் தொங்கியது.

ஜமாவின் வாத்தியார் பொன்னுரங்கம் அரண்மனை விதூஷகர் வேதாசலத்திடம் ஓடி வந்தார்.

"சாமி, எங்க திரௌபதி அம்மனுக்குக் கொடி ஏறிடுச்சி. கூத்து நடந்தாத்தான் தீ மிதி. கிரீடம் இல்லாம அர்ச்சுனன் எப்பிடி வருவான்? கேக்கப் போனா, 'தொடாதே, பழம்பொருளு'ன்னு வெரட்றாங்க. என் தலையில வச்சி ஆடுனதுங்க அது."

வேதாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பட்டம் தருவதாக மன்னர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நேரே போய் மோதினால் காரியம் கெட்டுவிடும். "போய் ஆட்களை ஒத்திகைக்கு உட்கார வையும்" என்று வாத்தியாரை அனுப்பிவிட்டு அரசவைக்குப் போனார்.

அங்கே மன்னர் அவருக்காகவே காத்திருந்தார்.

"வேதாசலம், பிரதானிக்குப் புகழுரை நீர்தான் சொல்ல வேண்டும். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருக்கக் கூடாது. ஒரு சொல்லைக்கூடப் பிரதானி மறுக்கவும் கூடாது. தவறினால் நீர் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்."

பிரதானி மீசைக்குள் சிரித்துக்கொண்டார். இந்த நிபந்தனையை மன்னர் காதில் போட்டவரே அவர்தான்.

"அப்படியானால் பிரதானியே சொல்லட்டும் மகாராஜா" என்றார் வேதாசலம். "தாம் சொன்னதைத் தாமே மறுக்க மாட்டார் அல்லவா?"

"தன்னைத் தானே புகழ்வது அழகா?" என்று கேட்டார் மன்னர்.

"கூத்தில் அதுதானே வழக்கம். அர்ச்சுனனே ஆனாலும் கிரீடம் வைத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும். நீ யார், என்ன செய்தாய் என்று கட்டியக்காரன் வெளியே நின்று கேட்பான். பதில் சொல்லி முடித்த பிறகுதான் திரை விலகும். மரபைக் காத்தவருக்கு மரபுப்படி மரியாதை செய்ய வேண்டாமா? கட்டியக்காரனாக நான் நிற்கிறேன்."

அர்ச்சுனன் கிரீடம் என்றதும் பிரதானிக்கு வாயெல்லாம் பல். உடனே தலையாட்டிவிட்டார்.

செங்காட்டுப்பாக்கம் அம்மன் கோயில் திடலில் விழா. மன்னர் முன்னால் அமர்ந்திருக்க, ஊரே திரண்டிருந்தது. மைத்துனர் இருவர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் மினுங்கியது. வேதாசலம் கோமாளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு வந்தார்.

"திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவே, நீர் யார்?"

"மரபுக் காவலன்."

"எதைக் காத்தீர்?"

"கூத்தை."

"கூத்து ஆடியது உண்டோ?"

"நானா? சீச்சீ."

"பார்த்ததாவது உண்டோ?"

திரைக்கு மேலே கிரீடம் ஒருமுறை ஆடியது. பிறகு, "விடிய விடிய யார் உட்கார்ந்திருப்பது?" என்று பதில் வந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கட்டியக்காரன் என்ன கேட்டாலும் கோபிக்கக் கூடாது என்பதும் வழக்கம். பிரதானி பல்லைக் கடித்துக்கொண்டார்.

"கிரீடத்தை யாரிடமிருந்து காத்தீர்?"

"இந்தக் கூத்தாடிகளிடமிருந்துதான். வியர்வைத் தலையில் வைக்கிறார்கள், குதிக்கிறார்கள். பொருள் என்னத்துக்கு ஆகும்?"

"அதற்கு முன்னால் யார் வைத்திருந்தார்கள்?"

"அவர்கள்தான். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து."

"அவர்களிடம் இருந்தபோது கெட்டதா?"

"கெடவில்லை."

"உம்மிடம் வந்த பிறகு?"

"ஓரத்தில் லேசாகக் கரையான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மன்னர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா, வெட்கப்படுகிறாரா என்று தெரியவில்லை.

"போகட்டும். அரும்பொருளை எப்படிக் காக்க வேண்டும்? அதைச் சொல்லி முடித்துவிடும்."

பிரதானிக்கு உயிர் வந்தது. இதை அவர் வீட்டிலேயே மனப்பாடம் செய்திருந்தார். "மூடி வைக்க வேண்டும். யார் கண்ணிலும் காட்டக் கூடாது. யாரும் பயன்படுத்தக் கூடாது. அப்போதுதான் என்றென்றும் நிலைக்கும்."

வேதாசலம் மன்னரைக் கும்பிட்டார். "புகழுரை முடிந்தது மகாராஜா. எல்லாம் அவர் வாயால் வந்தது. பட்டத்தைக் கொடுத்துவிடுங்கள்."

"கொடுத்தோம். மரபுக் காவலர் பட்டம் பிரதானிக்கே. திரையை விலக்குங்கள்."

"ஐயையோ, வேண்டாம்" என்று வேதாசலம் குறுக்கே பாய்ந்தார். "பட்டம் வாங்கியதும் பிரதானி நாட்டின் அரும்பொருள் ஆகிவிட்டார். அரும்பொருளை எப்படிக் காப்பது என்று இப்போதுதானே சொன்னார்? மூடியே இருக்கட்டும். கிரீடத்தை மட்டும் வெளியே கொடுக்கச் சொல்லுங்கள். அது ஆடுகிறவனுக்கு வேண்டும்."

மன்னர் துண்டை எடுத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். கிரீடத்தை வாங்கித் தம் கையாலேயே பொன்னுரங்கத்தின் தலையில் வைத்தார். மண்டபத்துச் சாவியும் ஜமாவுக்கே போனது. வேதாசலத்துக்குத் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையைப் போர்த்தினார். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே மத்தளத்துக்கு ஆள் அனுப்பினார்.

எல்லோரும் எழுந்து போகும்போது திரைக்குப் பின்னாலிருந்து ஈனக் குரல் ஒன்று கேட்டது. "மகாராஜா, நான் எப்போது வெளியே வருவது?"

"அவசரமே இல்லை பிரதானி" என்றார் சிங்கராயர். "கரையான் ஏற ஆரம்பித்ததும் சொல்லி அனுப்பும்."